மிருக வைத்தியரின் பணியும் தகைமையும்

வயலை உழும் வேலையை இன்று பெரும்பாலும் இயந்திரங்களே செய்கின்றன. எனினும் பாலுக்காகவும், மரக்கறித் தோட்டத்துக்கு வேண்டிய எருவுக்காகவும் கமக்காரர் மாடு வளர்த்து வருகின்றனர். பட்டியில் ஒரு பசு இறப்பின் அக்குடும்பத்துக்கு நேரும் நட்டம் பெரிது. ஆயினும் பலர், மாடு எழும்ப முடியாது கிடக்கும்போதே மிருக வைத்தியரை நாடுகின்றனர்.

தொண்டையடைப்பான் நோயை உதாரணமாகக் கொள்வோம். இது மாடுகளையும், சிறப்பாக எருமைகளையும் தாக்கும் பற்றீரியா நோயாகும். கடுங்காய்ச்சல் கண்டு, வாயிலிருந்து உமிழ்நீர் வடிந்து, தொண்டை வீங்கி, மூச்சுவிட இயலாது ஒரு நாளுக்குள்ளேயே மாடு இறந்துவிடலாம். காய்ச்சல் தொடங்கியவுடன் மருந்தேற்றினால் பிழைக்க இடமுண்டு. தொண்டை வீங்கிய பின் பிழைப்பது அரிது. மாரிமழைக்கு முன்னரே தடுப்பூசி ஏற்றுவித்தல் இதனினும் நன்று.

காய்ச்சல் பல நோய்களுக்கும் பொதுவான குறியாகும். எந்நோய் என்பதை உடல் வெப்பத்தை அளந்தும், இரத்தத்தைச் சோதிப்பித்தும் துணிபவர் மிருக வைத்தியரே. கன்று குறுக்கே கிடப்பின் அதனைத் திருப்பி எடுத்தல், சத்திரசிகிச்சை செய்தல், விசர்நாய்க்கடி நோய் போன்று மனிதருக்கும் தொற்றும் நோய்களைத் தடுத்தல் ஆகியனவும் அவர் பணிகளாம்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியக் கல்வி 1947ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் மாணவர் உடற்கூறு, நோயியல், மருந்தியல், சத்திரசிகிச்சை, இனப்பெருக்கம் முதலியவற்றைக் கற்றுப் பட்டம் பெறுகின்றனர். பட்டம் மட்டும் போதாது. 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவும் பெறல் வேண்டும். ஆதலின் ஊசி போடத் தெரிந்தவர் யாவரும் மிருக வைத்தியர் ஆகார்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. தீன் தின்னாது, அசைபோடாது நிற்கும் மாட்டை உடனே பட்டியிலிருந்து பிரித்துக் கட்டுக.

2. நோய் தொடங்கிய நேரம், கொடுத்த கைமருந்து, கடைசியாகத் தடுப்பூசி ஏற்றிய காலம் ஆகியவற்றை வைத்தியருக்கு மறையாது கூறுக.

3. திடீரென இறந்த மாட்டின் மூக்கு, வாய், குதம் ஆகியவற்றிலிருந்து இரத்தம் வடியின் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். உடலை வெட்டவோ, தோலுரிக்கவோ வேண்டாம்; உடனே அறிவிக்குக.

4. மருந்தேற்றிய பசுவின் பாலை, வைத்தியர் குறித்த நாட்கள் கழியும்வரை குடிக்கவோ விற்கவோ கூடாது.

மாடு தீன் மறுத்த அன்றே வைத்தியரை அழைப்பவர் மாட்டைக் காப்பர்; மறுநாள் பார்க்கலாம் என்றிருப்பவர் அதனை இழக்கவும் கூடும்.