அனல் கணக்கு – 17: ஐந்து வோல்ட்டிலிருந்து இறங்கிய கதை

தெர்மல் பேஸ்ட் மாற்றி, விசிறியில் படிந்திருந்த கூலன்ட் எண்ணெய்ப் பிசுக்கை வழித்த பிறகும் மண்ணூர் பட்டறைக் கம்ப்யூட்டர் 92 டிகிரியிலேயே நின்றது; போன வாரம் கதையை அங்கே விட்டிருந்தேன். இந்த வாரம் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் வோல்டேஜைக் குறைப்பதாகப் பேச்சு. போகலாம். அதற்குள் பட்டறைக்காரர் ஒரு கேள்வி கேட்டுவிட்டார்.

"சார், லோ வோல்டேஜ் வந்தா போர் மோட்டார் காயில் கருகிப் போவுது. நீங்க என்னடான்னா வோல்டேஜைக் குறைச்சா சூடு குறையும்ங்கறீங்க. எப்படி சார்?"

ஒரகடம் கம்பெனிகளுக்கு ஜிக்கும் ஃபிக்ஸ்சரும் செய்து கொடுக்கிறவர். இரண்டு மோட்டாரை லோ வோல்டேஜுக்குப் பறிகொடுத்தவர். ஸ்டெபிலைசர் இல்லாமல் ஃபிரிட்ஜ் வாங்காத ஊர்களில் வளர்ந்த நம் எல்லாருக்கும் இந்தச் சந்தேகம் வரத்தான் வேண்டும். நான்கு நாள் வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

மோட்டார் தண்ணீரைத் தூக்கியே ஆக வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் அதே பாரத்தைத் தூக்க கரன்ட்டைக் கூடுதலாக இழுக்கிறது. அந்தக் கரன்ட்தான் காயிலைச் சுடுகிறது. பிராசஸருக்குள் அப்படித் தூக்க வேண்டிய பாரம் எதுவும் இல்லை. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் மின்னூட்டத்தை நிரப்புகின்றன, காலி செய்கின்றன, மறுபடி நிரப்புகின்றன. நொடிக்குப் பல நூறு கோடி தடவை. வேலை அவ்வளவுதான்.

மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அடிவழியாக நிரம்பும் தொட்டி. பாதி உயரத்துக்கு நிரப்பினால் தண்ணீர் பாதி. அந்தப் பாதித் தண்ணீரும் சராசரியாகப் பாதி உயரம்தான் ஏறியிருக்கிறது. பாதியில் பாதி கால். வோல்டேஜ் என்பது இந்தத் தொட்டியில் நீர் நிற்கும் உயரம். அதைப் பாதியாக்கினால், ஒரு தடவை நிரப்பி இறைக்க ஆகும் செலவு கால் பங்காகிறது. 10 சதவீதம் குறைத்தாலே 19 சதவீதம் மிச்சம். நம் சமையல் கேஸில் எங்காவது இப்படி ஒரு தள்ளுபடி உண்டா!

இந்தக் கணக்கைத் தேடிப் போனபோது 1992 ஏப்ரலில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை கையில் சிக்கியது. எழுதியவர்கள் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து மூவர்: அனந்தா சந்திரகாசன், சாமுவேல் ஷெங், ராபர்ட் பிராடர்சன். முதல் பெயர்க்காரர் அப்போது முனைவர் பட்ட மாணவர். சென்னையில் பிறந்து, பள்ளிப் பருவத்தில் அமெரிக்கா போனவர். பின்னாளில் எம்.ஐ.டி.யின் பொறியியல் புலத் தலைவராகி, 2025 ஜூலையில் அந்தக் கல்வி நிறுவனத்தின் புரோவோஸ்ட் பொறுப்பை ஏற்றார். நான் அந்தக் கட்டுரையை மூன்று தடவை படித்தேன்.

அன்றைக்குச் சில்லுகளுக்கு 5 வோல்ட்தான் வழக்கம். குறைத்தால் சூடு இறங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் டிரான்சிஸ்டர் மெதுவாகிவிடும். வேகம் போனால் யாருக்கு வேண்டும்? இவர்கள் இரண்டு எண்களைக் கூட்டி, விடையை மூன்றாவது எண்ணோடு ஒப்பிடும் சின்னஞ்சிறு சுற்று ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். 5 வோல்ட்டை 2.9 ஆக்கினால் அதன் வேகம் பாதியாகிறது. சரி, அதே சுற்றை இரண்டாகப் போடுவோம், இரண்டும் பாதி வேகத்தில் ஓடட்டும் என்றார்கள். மொத்த வேலை குறையவே இல்லை. மின்செலவு? பழையதில் 36 சதவீதம்! வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வரிசையில் விடும் முறையையும் இதோடு சேர்த்தபோது 2 வோல்ட் போதுமானது. செலவு ஐந்தில் ஒரு பங்கு. சில்லின் பரப்பு மூன்றரை மடங்குக்கு மேல் பெருத்தது. இடம் தருகிறேன், சூட்டை எடுத்துக்கொள் என்ற பேரம்.

இதைச் சொன்னதும் பட்டறைக்காரருக்குப் பளிச்சென்று பிடிபட்டது. "ஒரே லைனை முடுக்கி ஓட்டாம ரெண்டு லைனை நிதானமா ஓட்டறது. அதானே சார்?" அதேதான். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் இறங்கிய காலத்திலிருந்து லைன், ஷிப்ட், டேக்ட் டைம் என்று புழங்கும் மண். பெர்க்லி கட்டுரை இங்கே அந்நியமாகப் படவில்லை.

சில்லுத் தொழில் இந்தப் பாடத்தை முழுசாக ஏற்கச் சூடு பட வேண்டியிருந்தது. பிராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதியான கோர் ஒன்றையே மேலும் மேலும் விரட்டிக்கொண்டிருந்த இன்டெல், 2004 மே மாதத்தில் 'தேஜாஸ்' என்ற அடுத்த பிராசஸரையே கைவிட்டது. மறு ஆண்டில் இரட்டைக் கோர் வந்தது. இன்று உங்கள் மேசைக் கம்ப்யூட்டருக்குள் ஆறு, எட்டு கோர்கள் இருப்பதற்கும் அந்தச் சின்னச் சுற்றின் பேரத்துக்கும் நேர் உறவு உண்டு.

பட்டறைக்கு வருகிறேன். ஆலையிலிருந்து வரும் சில்லுக்குக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் வைத்தே அனுப்புகிறார்கள். ஒரே அச்சில் வந்தாலும் இரண்டு சில்லு ஒன்றுபோல் இருக்காது. அதில் மோசமானதும், வயதான பிறகும், ஓட வேண்டுமே. ஃபிக்ஸ்சர் செய்கிறவருக்கு டாலரன்ஸ் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சில்லு நல்ல சில்லாக இருந்தால், அந்தக் கூடுதல் முழுக்க வீண் அனல்.

முழு வேலை கொடுத்தபோது இவருடைய சில்லு 1.25 வோல்ட் காட்டியது. சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே அறை 38 டிகிரி. பயாஸில் ஆஃப்செட் என்ற இடத்தில் மைனஸ் 50 மில்லிவோல்ட் கொடுத்தேன். 1.20க்கு இறங்கினால் செலவு சுமார் 8 சதவீதம் குறையும். அறைச் சூட்டுக்கு மேலே நிற்கும் 54 டிகிரியில் நான்கு இறங்க வேண்டும். ஒரு மணி நேரம், வெட்டுக்கருவி போக வேண்டிய பாதையைப் போடும் டூல்பாத் கணக்கை ஓடவிட்டோம். 88. பட்டறைக்காரர் சாக்பீஸால் கேபினெட் மேலேயே எழுதினார்: 92, அடியில் 88.

அடுத்து மைனஸ் 100. கணக்குப்படி 84 வர வேண்டும், வந்தது. ஆனால் இதில் எனக்குப் பயமும் உண்டு. வோல்டேஜ் போதாத சில்லு எப்போதும் ஹேங் ஆகிக் காட்டிக்கொடுக்காது. சத்தமில்லாமல் தப்புக் கணக்கும் போடும். 2019 டிசம்பரில் 'பிளண்டர்வோல்ட்' என்ற பெயரில் வெளியான ஆய்வு, இப்படி வேண்டுமென்றே கணக்கைத் தப்பவைத்து இன்டெல் சில்லின் காப்பறையிலிருந்து ரகசியச் சாவிகளைக் கறந்து காட்டியது. அதன் பிறகு பல கம்ப்யூட்டர்களில் இந்த வசதியையே பூட்டிவிட்டார்கள். இங்கே ரகசியம் இல்லை. டூல்பாத்தில் ஓர் எண் பிசகினால் ஒரு எஃகுக் கட்டை பாழ். அந்த நஷ்டம் இவர் தலையில். ராத்திரி முழுக்கச் சோதனை ஓடட்டும் என்று வைத்துவிட்டு வந்தேன்.

காலை ஆறரைக்கு போன் வந்தது. ஒரு பிழையும் இல்லாமல் ரெண்டு மணிக்கே சோதனை முடிந்திருக்கிறது. மூன்று மணிக்கு, வேலை எதுவும் இல்லாமல் சும்மா கிடந்தபோது, கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது.

முழு வேலையைத் தாங்கிய சில்லு சும்மா இருக்கும்போது ஏன் விழுந்தது என்பதையும், பயாஸில் ஒவ்வொரு இடமாக எதை மாற்றுவது என்பதையும் அடுத்த வாரம் எழுதுகிறேன். கேபினெட் மேல் மூன்றாவதாக எழுதியிருந்த 84ஐ அவர் இன்னும் அழிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்.

(தொடரும்)