தொட்டிலை எண்ணும் பல்கலைக்கழகங்கள்!

கல்லூரியில் இடம் கிடைக்காமல் பிள்ளைகள் அலைவது உண்டு. ஜப்பான் நாட்டில் கதை தலைகீழ். அங்கே இடம் இருக்கிறது. சேருவதற்குப் பிள்ளைகள் இல்லை!

2023-ம் ஆண்டில், அங்குள்ள தனியார் பல்கலைக்கழகங்களில் பாதிக்கு மேற்பட்டவை தங்கள் இடங்களை நிரப்ப முடியாமல் தவித்தன.

1992-ல் ஜப்பானில் 18 வயதுப் பிள்ளைகள் சுமார் 20 லட்சம் பேர். 2022-ல் சுமார் 11 லட்சம் பேர்தான்.

இது திடீரென்று விழுந்த இடி அல்ல. இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தைதானே 18 ஆண்டு கழித்துக் கல்லூரி வாசலுக்கு வரும்?

குதிரை ஆண்டு

1966-ம் ஆண்டு ஜப்பானியருக்கு "நெருப்புக் குதிரை" ஆண்டு. 60 ஆண்டுக்கு ஒரு முறை வருவது. அந்த ஆண்டில் பிறக்கும் பெண், கணவனுக்கு ஆகமாட்டாள் என்று ஒரு மூடநம்பிக்கை!

1965-ல் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 1966-ல் சுமார் 13 லட்சத்து 60 ஆயிரம்தான். அந்தக் குறைவு, 1985 வாக்கில் பல்கலைக்கழக வாசலிலும் தெரிந்தது.

பெண்களின் விருப்பம்

தொட்டிலை எண்ணினால் மட்டும் போதுமா? போதாது. மக்களின் மனம் மாறுவதையும் பார்க்க வேண்டும்.

முன்பு ஜப்பானியப் பெண்கள் பலர், 2 ஆண்டுக் கல்லூரியோடு படிப்பை நிறுத்தினார்கள். பிறகு, 4 ஆண்டுப் பட்டமே வேண்டும் என்றார்கள். 1996-ல் சுமார் 600 ஆக இருந்த 2 ஆண்டுக் கல்லூரிகள், 2023-ல் பாதியாகிவிட்டன. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்த பல கல்லூரிகள், 4 ஆண்டுப் பல்கலைக்கழகங்களாக மாறின.

அரசும் வெளியே பார்த்தது. வெளிநாட்டு மாணவர்கள் 1 லட்சம் பேரைச் சேர்ப்பது என்று 1983-ல் திட்டமிட்டது. 2003-ல் அந்த எண்ணிக்கையை எட்டியது.

ஊரே வாடும்

சிறு நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தை மூடினால், விடுதி காலியாகும். கடைத்தெருவில் வியாபாரம் படுக்கும். வெளியூர் போய்ப் படிக்க வசதி இல்லாத பிள்ளைக்குப் படிப்பே நின்றுவிடும்.

2024-ல் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 7 லட்சத்துக்கும் குறைவு. அவர்கள் 2042-ல் படிக்க வருவார்கள். அப்போது எத்தனை நாற்காலி வேண்டும்? என்ன பாடம் வேண்டும்? அந்தக் கணக்கைப் போட வேண்டிய நேரம் இப்போதுதான்!