லண்டனின் பயமும் பத்து வெள்ளியும்

1948 ஜூன் 16 காலை பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளின் தலைவர் சின் பெங், அதே மாநிலத்தில் ஆயர் தாவாருக்குப் பக்கத்துச் சித்தியவான்காரர். பேராக் தோட்டப் பங்குகளை லண்டனில் வைத்திருந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியதில் வியப்பில்லை. 1957-இல் சுதந்திரம் வந்ததும் தோட்டங்களை அரசே எடுத்துக்கொள்ளுமோ என்ற பயம் சேர்ந்தது. செயற்கை ரப்பர் மூன்றாவது.

மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பங்கு விலையைக் குறைத்தார்கள். பிரித்துப் பார்த்திருந்தால் கதை வேறு. அவசரகாலம் 1960 ஜூலையில் முடிந்தது. பிரதமர் துங்குவின் அரசுக்கு ரப்பரும் ஈயமும்தான் முக்கிய வருமானம். அது தோட்டங்களில் கைவைக்கவில்லை. செயற்கை ரப்பர் மட்டும் நிஜ ஆபத்து. ஆனால் கிழட்டு மரங்களை வெட்டி நல்ல ஒட்டு ரகம் நட்டால் பால் பெருகும். அதுவும் போதாவிட்டால் செம்பனை இருக்கிறது. இது தோட்டத்து மண்டோருக்கே தெரியும். லண்டன் பங்குதாரருக்கு எப்படித் தெரியும்?

ஈப்போவில் பிறந்த லீ லோய் செங்குக்குத் தெரிந்திருந்தது. பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனிகளின் பங்குகளை மலிவாகக் கிடைத்தபோது வாங்கிச் சேர்த்தார். அப்படி வளர்ந்த கேஎல்கே தோட்ட நிறுவனத்தின் பதிவு அலுவலகம் இன்றும் ஈப்போவில்தான்.

வேறு சிலரும் வாங்கினார்கள். தோட்டத்தைத் துண்டு துண்டாக்கி விற்று லாபம் பார்த்தார்கள். பால் மரம் வெட்டியவருக்கு வேலையும் போனது, லயத்து வீடும் போனது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத ஆபத்து இதுதான். துண்டாடலைக் கண்டித்துத் தீர்மானம் போடுவதோடு நிற்காமல், அதே சந்தையில் வாங்குபவராக இறங்கியவர் சுங்கை சிப்புட் தந்த வீ. தி. சம்பந்தன். அப்போது அவர் அமைச்சர். 1960-இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளிக்குப் பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம்.

லண்டன்காரருக்குத் தோட்டத்தை வைத்திருப்பது ஆபத்து. தொழிலாளிக்கு வாங்காமல் இருப்பதே ஆபத்து. ஒரே சொத்து, ஒரே விலை, ஆனால் ஆபத்து ஆளுக்கு ஆள் வேறு. சம்பந்தனின் கெட்டிக்காரத்தனம் இதைக் கண்டதில் இருக்கிறது என்பேன். ஒரு குறையும் உண்டு: கூலியும் சேமிப்பும் ஒரே ரப்பர் விலையில் தொங்கின. பல தோட்டங்களை வாங்கினாலும் அது முழுதாகத் தீராது. பயிரையும் மாற்ற வேண்டும்.

இன்று ஆயர் தாவார் வட்டாரத்தில் எங்கும் செம்பனை. பாமாயில் விலை சரிந்தால் மறுநாளே செய்தி, பங்கும் இறங்கிவிடும். மரத்தின் வயதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இருபத்தைந்து வயதைத் தாண்டிய மரம் உயர்ந்துவிடும், குலை அறுக்க ஆள் கிடைக்காது, காய்ப்பும் குறையும். மறுநடவு செய்தால் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு வருமானம் இல்லை. தோட்டப் பங்கு வாங்க நினைப்பவர்கள் ஆண்டறிக்கையில் லாபத்தைப் பார்க்கும் முன் மரங்களின் வயதுப் பட்டியலைத் தேடுங்கள். மறுநடவுச் செலவால் லாபம் குறைந்து, அதனாலேயே விலை இறங்கிய கம்பெனி கண்ணில் பட்டால், அதை அவசரப்பட்டு ஒதுக்க வேண்டாம்.

அடுத்த வாரம்: 1985 அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தை ஈய வணிகத்தை நிறுத்திய நாளும், ஈப்போவின் ஈயச் சுரங்கங்களும்.