நடக்காத வகுப்புக்கு யார் பொறுப்பு?

ஆனைகட்டியில் இரு மாநிலங்களையும் பிரிப்பது கொடுங்கரைப்பள்ளம் என்ற ஓடைதான். இந்தக் கரை மாணவர்கள் கோவைக்குப் பஸ் ஏறி, பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளுக்குப் போகிறார்கள். அந்தக் கரைக்காரர்களுக்கு 2012இல் அட்டப்பாடியில் தொடங்கிய அரசுக் கல்லூரி இருக்கிறது. அது கோழிக்கோடு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பாடத்திட்டம் வேறு, அரசு வேறு. ஆனால் ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினால் இரு கரையிலும் எழுவது ஒரே கேள்விதான்: போன பாடத்தை யாரிடம் கேட்பது?

கேள்வி புதிதல்ல. 2002 தொடக்கத்தில் கேரள அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் 32 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் தமிழகத்தின் முறை. ஜெயலலிதா அரசு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்ய, வழக்கு டெல்லி வரை போனது. அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை கிடையாது என்று 2003 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் வேலைநிறுத்தங்கள் நிற்கவில்லை.

ஆசிரியர்கள் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. கௌரவ விரிவுரையாளர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே சொன்னது. அந்தத் தொகையைக் கேட்டுத் தமிழக அரசுக் கல்லூரிகளில் அவர்கள் பலமுறை தெருவுக்கு வந்திருக்கிறார்கள். ஆகவே 'ஆசிரியர் வரவில்லை, நடவடிக்கை எடுங்கள்' என்று மாணவர் எழுதும் மனுவால் பயன் குறைவு. அது சம்பளத் தகராறில் ஒரு தரப்புக்கு ஆயுதமாகும், அவ்வளவுதான். பாடத்தை ஈடுகட்ட வேண்டியது நிர்வாகம். புகார் அங்கேதான் போக வேண்டும்.

அதற்கு ஒரு வழியும் இருக்கிறது. மானியக் குழு 2023 ஏப்ரலில் வெளியிட்ட மாணவர் குறைதீர்ப்பு விதிகளின்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் ஒரு குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். பேராசிரியர் ஒருவர் தலைவர். மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளர். புகார் கைக்கு வந்த 15 வேலை நாட்களுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். அதன் நகல் மாணவருக்கும் வர வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தர், அனுபவமுள்ள ஓய்வுபெற்ற பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதி அந்தப் பதவியில் இருப்பார். அவருக்கு 30 நாள் கெடு. இணைப்புக் கல்லூரி மாணவர்களும் அவரிடம் போகலாம். தானே போகலாம், தன் சார்பில் ஒருவரை அனுப்பவும் செய்யலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விதிகளில் எவையெல்லாம் குறை என்று அடுக்கும் பட்டியலில் 'வேலைநிறுத்தம்' என்ற சொல்லே கிடையாது. கல்வி நாட்காட்டியைத் தாண்டித் தேர்வோ முடிவோ தாமதமாவதும், மானியக் குழு விதிகளுக்கு முரணான செயலும் உண்டு. ஆண்டுக்கு 180 கற்பித்தல் நாட்கள் வேண்டும் என்று குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மாணவர் பிடித்துக்கொள்ள வேண்டிய கயிறு இதுதான். எந்தத் தாள், எந்தத் தேதிகள், எத்தனை மணி நேரம் போனது, தேர்வுக்கு முன் எவ்வளவு பாடம் பாக்கி என்று மனுவில் எண்ணாக எழுத வேண்டும். கேட்பதும் திட்டவட்டமாக இருக்க வேண்டும்: ஈடு வகுப்பு, தேர்வைத் தள்ளிவைத்தல், நடத்தாத வகுப்புக்கு வருகைப்பதிவில் கைவைக்காமை. அரசுக் கல்லூரி என்றால் நடந்த வகுப்புகளின் கணக்கை 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் வாங்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை. பதிலுக்கு 30 நாட்கள் ஆகும் என்பதால் வேலைநிறுத்தம் முடிந்த கையோடு கேட்பது நல்லது.

பணமாக நஷ்டஈடு? அந்தக் கதவு இங்கே அநேகமாக மூடித்தான் கிடக்கிறது. கல்வி நிறுவனம் நுகர்வோர் சட்டப்படி சேவை அளிக்கும் நிறுவனமல்ல என்று 2010இல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே 2018இல் ஓய்வூதியப் பிரச்னைக்காக விரிவுரையாளர்கள் 14 நாட்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். புகார்களை விசாரித்த சுயேச்சையான தீர்ப்பாய அலுவலகம் வேலைநிறுத்தம் சரியா தவறா என்று ஆராயவில்லை. இழந்த பாடத்துக்குப் பல்கலைக்கழகம் என்ன மாற்று செய்தது என்று மட்டும் பார்த்தது. மாற்று போதாத ஒரு வழக்கில் மாணவருக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் தரச் சொன்னது.

நகரத்தில் டியூஷன் உண்டு, பக்கத்து வீட்டு அண்ணன் உண்டு. அட்டப்பாடி ஊர்களிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் இருளர் வீட்டுப் பெண்ணுக்கு வகுப்பறையை விட்டால் வேறு வழி கிடையாது. விதிகள் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் அவை எட்டாத தூரத்தில் இருக்கின்றன.

2024 ஜனவரியில் மானியக் குழு ஒரு பட்டியல் வெளியிட்டது. குறைதீர்ப்பாளரையே நியமிக்காத பல்கலைக்கழகங்களின் பட்டியல் அது. அதில் 400க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. குழுவின் விவரத்தையும் குறைதீர்ப்பாளரின் விவரத்தையும் கல்லூரி விளக்கக் கையேட்டில் அச்சிட வேண்டும் என்பதும் விதி. சேர்க்கை நாளில் கட்டண ரசீதை வாங்கும்போதே அந்தப் பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.