விண்டோலண்டா: ஈரமண் காத்த எல்லைக் கோட்டை

வட இங்கிலாந்தில், உரோமப் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 122-இல் எழுப்பத் தொடங்கிய எல்லைச் சுவருக்குச் சற்றுத் தெற்கே உள்ள விண்டோலண்டா, அச்சுவருக்கும் முந்தையதாக, கி.பி. 85-ஐ ஒட்டி அமைக்கப்பட்ட காவற்கோட்டையாகும். இன்று தரைமேல் தெரியும் கற்கட்டடங்கள் பிற்காலத்தவை. அவற்றுக்கு அடியில், மரத்தால் கட்டப்பட்ட பழைய கோட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்துள்ளன. ஒரு படைப்பிரிவு வெளியேறியதும் அதன் கோட்டையை இடித்து, களிமண்ணையும் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளையும் பரப்பி, அதன்மீதே அடுத்த கோட்டையைக் கட்டினர்; இதனால் அடியிலிருந்த ஈர அடுக்குகளுக்குக் காற்று எட்டாமல், பொருள்களை மட்கச்செய்யும் நுண்ணுயிர்களின் வேலை தடைப்பட்டு, பிற இடங்களில் அழிந்துவிடும் மரமும் தோலும் இங்கே எஞ்சின.

இந்த மண் தந்தவற்றுள் தலையாயவை, 1973-இல் அகழாய்வாளர் ராபின் பர்லி முதன்முதலில் கண்டெடுத்த மரஏடுகள். ஓரிரு மில்லிமீட்டர் கனமே உள்ள, மரச்சீவல் போலத் தோன்றும் இவற்றில் கரிமையால் எழுதியிருந்தனர். மங்கிய எழுத்துகளை அகச்சிவப்பு ஒளிப்படங்களின் துணையால் அறிஞர்கள் படித்தனர். முதலாம் துங்ரியர் படைப்பிரிவின் ஆள்கணக்கு ஒன்று, மொத்தம் 752 பேரில் 456 பேர் வெளியிடப் பணியில் இருந்ததையும், கோட்டையில் இருந்தவர்களில் 31 பேர் நோயாலும் காயத்தாலும் கண்நோயாலும் பணிக்குத் தகுதியற்றிருந்ததையும் பதிந்துள்ளது. பேரரசின் எல்லை என்றதும் மனத்தில் எழும் அணிவகுப்பைவிட, அவர்களுள் கண்நோயால் கண் சிவந்து படுத்திருந்த பத்துப் பேரே அக்கோட்டையை உயிரோடு காட்டுகின்றனர்.

கி.பி. 100-ஐ ஒட்டி, கிளாடியா செவேரா என்பவர், படைத்தலைவர் ஃபிளாவியஸ் செரியாலிஸின் மனைவி சுல்பிசியா லெபிடினாவைத் தம் பிறந்தநாளுக்கு அழைத்த மடலும் இவற்றுள் ஒன்று. அதன் பெரும்பகுதி எழுத்தரின் சீரான கையெழுத்தில் இருக்க, இறுதியில் செவேராவே சற்றுத் தடுமாறிய கையெழுத்தில் அன்புமொழி சேர்த்துள்ளார். பெண்ணொருவர் இலத்தீனில் தம் கைப்பட எழுதி இன்றுவரை எஞ்சியுள்ள மிகப் பழைய எழுத்துகளுள் இது ஒன்றாகக் கருதப்படுகிறது.

ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ள தோல் காலணிகளும் ஏடுகளுக்கு இணையான சான்றுகளே. சாதாரணப் படைவீரர்கள் சட்டப்படி மணம் செய்துகொள்ளத் தடை இருந்த காலத்திலும், அவர்களுடைய குடியிருப்புகளிலிருந்து பெண்களின் காலணிகளும் குழந்தைகளின் காலணிகளும் வெளிப்பட்டுள்ளன. படைத்தலைவரின் இல்லப் பகுதியில் கிடைத்த சிறு காலணி ஒன்று, இன்னும் நடை பழகாத கைக்குழந்தையினுடையது; ஆயினும் பெரியவர்களின் காலணியைப் போலவே, அதன் அடித்தோலிலும் இரும்பாணிகள் அடிக்கப்பட்டுள்ளன.