விருந்தாளிகள் போன பிறகு...

வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. கை அசைத்தவர்கள் வீட்டுக்குள் வருகிறார்கள்.

அப்பாடா! என்ன அமைதி!

காணும் பொங்கல் முடிந்த மறுநாள் தமிழ்நாட்டில் பல வீடுகளில் நடப்பது இதுதான். சென்னையில் இருந்தும் கோவையில் இருந்தும் வந்த அத்தை, சித்தப்பா, பிள்ளைகள் எல்லோரும் புறப்பட்டுவிட்டார்கள். நாலு நாளாக வீடு கொள்ளாத கூட்டம். குளிக்க வரிசை. சாப்பிட மூன்று பந்தி. இரவில் கூடம் முழுவதும் பாய்கள்.

இன்று பகல் 2 மணிக்குக் கடிகாரத்தின் சத்தம் கூடக் கேட்கிறது!

தாத்தா சாய்வு நாற்காலியில் கண் மூடிவிட்டார். அப்பா பாயை விரித்துவிட்டார். கடைக்குட்டி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். விளையாட வந்த அத்தை மகன் போய்விட்டானே என்ற கவலை அவனுக்கு.

அம்மா எங்கே?

அம்மா கொல்லைப்புறத்தில் இருக்கிறார். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய அண்டாவைத் தேய்க்கிறார். அதை வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியுமா? நாலு அதிரசமாவது போட்டுக் கொடுக்க வேண்டும். தலையணை உறைகள் ஊறுகின்றன. மஞ்சள் கொத்தைக் காய வைக்க வேண்டும். விருந்தாளிகள் போய்விட்டார்கள். விருந்தின் வேலை போகவில்லை!

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசு 2019-ம் ஆண்டில் நாடு முழுவதும் கணக்கு எடுத்தது. 6 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 100-க்கு 81 பேர் சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்தார்கள். ஆண்களில் 100-க்கு 26 பேர்தான்! வேலை செய்த பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள். கிட்டத்தட்ட 5 மணி நேரம். வேலை செய்த ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம்.

சாதாரண நாளிலேயே இப்படி. விருந்து நாளில் கேட்கவே வேண்டாம்.

மிச்சமும் அம்மாவுக்கா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நேற்றுப் பகலில் மிஞ்சிய சோறு அப்படியே மூடி இருக்கிறது. கொட்ட மனம் வருமா? "நானே சாப்பிட்டுவிடுகிறேன்" என்கிறார் அம்மா.

இது ஆபத்து. அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். சோறு வெந்தாலும் அவை சாவதில்லை. வெளியே பல மணி நேரம் இருந்தால் கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வாந்தி வரும், பேதியும் வரலாம். மிஞ்சிய சோற்றை 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். வைக்க மறந்துவிட்டால் கொட்டிவிடுவதே மேல். சோறு போனால் வடித்துக்கொள்ளலாம். உடம்பு போனால்?

ஆளுக்கு ஒரு வேலை

அப்பா அண்டாவைத் தேய்க்கட்டும். பெரிய மகன் பாய்களை உதறி வெயிலில் போடட்டும். மகள் உறைகளைப் பிழிந்து காய வைக்கட்டும். தாத்தா உட்கார்ந்தபடியே துணிகளை மடிக்கலாம். அதிரசத்தோடு பாத்திரத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவரக் கடைக்குட்டியை அனுப்பலாம். தூக்கிய முகம் தானாக இறங்கிவிடும்!

எல்லோரும் கை வைத்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பிறகு அம்மாவும் கால் நீட்டிப் படுக்கலாம். மாலையில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து, சித்தப்பா அடித்த வேடிக்கைகளைச் சொல்லிச் சிரிக்கலாம். காப்பியை அன்று ஒரு நாளாவது அப்பா போடட்டும்.

அடுத்த பொங்கலுக்கும் "வாருங்கள், வாருங்கள்" என்று வாய் நிறைய அழைக்க அம்மாவுக்குத் தெம்பு வேண்டும் அல்லவா?