இலவச வீசா என்றால் அனுமதி வேண்டாம் என்பதல்ல

உப்புவெளியில் நான்கு அறைகள் கொண்ட சிறிய விருந்தினர் விடுதி ஒன்றை நடத்தி வருகின்றேன். சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் உழைப்பதை வைத்துத்தான் மீதி மாதங்களை ஓட்ட வேண்டும். அப்படியிருக்க, 2024 இல் என் வாயாலேயே எனக்கு நட்டம் வந்தது.

மலேசியக் குடும்பம் ஒன்று நோன்புப் பெருநாள் விடுமுறைக்காக இரண்டு அறைகளைப் பதிவு செய்திருந்தது. வீசா எடுக்க வேண்டுமா எனத் தொலைபேசியில் கேட்டார்கள். இந்தியா, சீனா, ரஷ்யா, ஜப்பான், தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா ஆகிய ஏழு நாட்டவருக்கும் வீசாக் கட்டணம் இல்லை என 2023 இறுதியில் அறிவிக்கப்பட்டிருந்தது. அதை நினைத்து, "உங்களுக்கு இலவசம்தான், ஒன்றும் தேவையில்லை" என்று சொல்லிவிட்டேன்.

அவர்களது ஊர் விமான நிலையத்தில் பயண அனுமதி எங்கே எனக் கேட்டு நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் பிந்தியே வந்து சேர்ந்தார்கள். புறாத்தீவுப் படகுச் சவாரியும் தவறிப்போனது. "நீங்கள்தானே சொன்னீர்கள்" என்றார் குடும்பத் தலைவர். பதில் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு நாள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

எனது பிழை இதுதான்: கட்டணம் வேறு, அனுமதி வேறு. ஈ.டி.ஏ. எனப்படும் இலத்திரனியல் பயண அனுமதி முறை இலங்கையில் 2012 ஜனவரி 1 இல் ஆரம்பமானது. பயணி புறப்படுமுன் தனது கடவுச்சீட்டு விபரங்களை இணையத்தில் கொடுத்து அனுமதி பெற வேண்டும். கட்டணம் நீக்கப்பட்ட ஏழு நாட்டவரும் இந்த விண்ணப்பத்தைச் செய்தேயாக வேண்டியிருந்தது. பயணி திருப்பி அனுப்பப்பட்டால் அவரை மீண்டும் கொண்டுபோகும் பொறுப்பு விமானக் கம்பனிக்கே வரும். அதனால்தான் ஏறும் இடத்திலேயே கேட்கிறார்கள்.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய விடயமல்ல. வீசா தேவையற்ற நாட்டவரிடமும் இத்தகைய முன் அனுமதியை அமெரிக்கா 2009 இலும், கனடா 2016 இலும் கேட்கத் தொடங்கின. பிரித்தானியா 2025 ஏப்ரலில் ஐரோப்பியரையும் இதற்குள் கொண்டு வந்தது.

விதிகள் அடிக்கடி மாறுவதும் உண்டு. 2024 ஏப்ரலில் எமது ஈ.டி.ஏ. முறை நிறுத்தப்பட்டு, வீசா விண்ணப்பப் பணி தனியாரிடம் சென்றது. ஆகஸ்ட் 2 இல் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் பழைய முறை திரும்பியது. ஒரே பருவத்தில் இத்தனை மாற்றம்! சென்ற வருடப் பதிலை இவ்வருட விருந்தினருக்குச் சொல்லக் கூடாது.

எனவே வியாபாரச் சகோதரர்கள் கவனிக்க வேண்டியவை:

1. "தேவையில்லை" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையத்தளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2. அரச தளத்தைப் போலத் தோற்றமளித்துக் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் உண்டு. அரச தள முகவரி 'கவ் டொட் எல்கே' என முடியும்.

3. அனுமதி கடவுச்சீட்டு இலக்கத்துடன் பிணைந்தது. ஓர் இலக்கம் பிழைத்தாலும், கடவுச்சீட்டைப் புதிதாக மாற்றினாலும் சிக்கல்தான்.

4. உல்லாசப் பயணத்துக்கும் வர்த்தகப் பயணத்துக்கும் அனுமதி வெவ்வேறு. உங்களுடன் வியாபாரம் பேச வருபவர் வர்த்தக வகையிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

5. நாம் வெளியே போகும்போதும் இதே கவனம் வேண்டும். சிங்கப்பூருக்கு இலங்கையர் வீசா இன்றிப் போகலாம். ஆயினும் வருகை அட்டையை, போய்ச் சேருமுன் மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இவ்வாறான அட்டையைக் கேட்கிறது.

இப்போது முற்பணம் கிடைத்த அன்றே இவ்விபரங்களை விருந்தினருக்கு எழுதி அனுப்புகிறேன். அனுமதி கிடைத்ததும் அறிவிக்கும்படி கேட்கிறேன். பத்து நிமிட வேலை. அன்று அதைச் செய்திருந்தால் அந்தக் குடும்பம் பெருநாளை எங்கள் கடற்கரையிலேயே கழித்திருக்கும்.